இயந்திரம் இல்லாமல் சந்திரகாந்தக் கல்லுக்கு மெருகேற்ற முடியுமா?

கேள்வி: காங்கேயம் அருகே எங்கள் தோட்டத்தில் கிணற்றை ஆழப்படுத்தியபோது பால் நிறக் கற்கள் சில கிடைத்தன. சந்திரகாந்தக் கல் என்கிறார்கள். வீட்டிலேயே, கையால் தேய்த்துப் பளபளப்பாக்க வழி உண்டா?

பதில்: உண்டு. பொறுமைதான் பெரிய முதலீடு.

முதலில் கல் எது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். உங்கள் பகுதியில் வெங்கச்சங்கல்லும் (குவார்ட்ஸ்) நிறையக் கிடக்கும். அதன் கூரிய முனையால் உங்கள் கல்லின் ஓர் ஓரத்தில் அழுத்திக் கீறிப் பாருங்கள். கற்களின் கடினத்தை 1 முதல் 10 வரை குறிக்கும் மோஸ் அளவில் சந்திரகாந்தக் கல் 6 முதல் 6.5 வரை, வெங்கச்சங்கல் 7. ஆகவே கீறல் விழும். விழவில்லை என்றால் அது வேறு கல். குருந்தம் (மாணிக்கம், நீலக்கல் வகை) போன்ற 9 கடினமுள்ள கல்லாக இருந்தால் கையால் தேய்த்து மாளாது, பட்டறைக்குக் கொண்டுபோய்விடுங்கள்.

அடுத்து, வெயிலில் கல்லைத் தண்ணீரில் நனைத்து மெல்லத் திருப்புங்கள். ஒரு கோணத்தில் நீல வெண்மையான ஒளி உள்ளே மிதக்கும். கல்லுக்குள் இரு வகைத் தாதுக்கள் மெல்லிய அடுக்குகளாக மாறி மாறி அமைந்திருப்பதால் வரும் ஒளி அது. அந்த ஒளி எழும் பக்கத்தை மேலே வைத்து, அடிப்பக்கத்தைத் தட்டையாகவும் மேற்பக்கத்தைக் கவிழ்த்த கிண்ணம் போலவும் தேய்க்க வேண்டும். இதில் தவறினால் எவ்வளவு மெருகேற்றினாலும் அது வெறும் வெள்ளைக் கல்தான். சுத்தியலால் தட்டி உடைக்கவும் வேண்டாம். இந்தக் கல் தளம் தளமாகப் பிளந்துவிடும்.

பெயின்ட் கடையில் கிடைக்கும் கறுப்பு வாட்டர் பேப்பர் (ஈரத்தில் தேய்க்கும் உப்புத்தாள்) போதும். 120, 220, 400, 800, 1200, 2000 என்ற எண்களில் வாங்கி, இதே வரிசையில் பயன்படுத்துங்கள்; எண் கூடக்கூடத் தாள் நைசாகும். கண்ணாடித் துண்டின் மேல் தாளை விரித்து, நீர் விட்டுத் தேய்க்க வேண்டும். புளியங்கொட்டை அளவுக் கல்லுக்கு முதல் தாளிலேயே மூன்று நான்கு மணி நேரம் போகும். பலரும் இங்கேதான் அவசரப்படுகிறார்கள். 120 விட்டுச்சென்ற கீறலை 2000 ஒருபோதும் அழிக்காது. மற்ற இடமெல்லாம் மின்ன மின்ன அந்தக் கீறல்தான் இன்னும் எடுப்பாகத் தெரியும். ஒவ்வொரு தாளிலும் தேய்க்கும் திசையைக் குறுக்காக மாற்றுங்கள். பழைய கோடுகள் தனியே தெரியும். ஈரத்தில் எந்தக் கல்லும் வழவழப்பாகவே தோன்றும் என்பதால், துடைத்து உலர்த்திவிட்டுப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். தாள் மாற்றும் முன் கல்லையும் கையையும் நன்றாகக் கழுவுங்கள்; ஒட்டியிருக்கும் ஒரு பெருமணல் போதும், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

எக்காரணம் கொண்டும் உலர்வாகத் தேய்க்காதீர்கள். முக்கியமாக, அடுத்து வெங்கச்சங்கல்லில் கை வைப்பீர்களானால், அதன் தூசி நுரையீரலில் தங்கி சிலிக்கோசிஸ் என்ற தீராத நோயைத் தரும். குஜராத்தின் கம்பாத் நகரில், வெங்கச்சங்கல் இனத்தைச் சேர்ந்த அகேட் கல் அறுக்கும் தொழிலாளர்கள் பலரை அது வாட்டியிருக்கிறது. தேய்த்த சேற்றையும் உலரவிடாமல் வாளியில் சேர்த்துத் தோட்டத்தில் குழி தோண்டிப் புதையுங்கள். சமையலறைத் தொட்டியில் ஊற்றினால் குழாயில் இறுகி அடைத்துக்கொள்ளும்.

கடைசி மெருகுக்கு, பழைய தோல் பெல்ட்டின் சொரசொரப்பான உட்புறத்தை மரப்பலகையில் ஒட்டி, சீரியம் ஆக்சைடு பொடியைத் தண்ணீரில் குழைத்துப் பூசித் தேய்க்கவும். கண்ணாடிக்கு மெருகேற்றுவோர் பயன்படுத்தும் பொடிதான். ஈரம் வற்றத் தொடங்கித் தோல் கல்லைப் பிடித்து இழுக்கும் அந்தச் சில நொடிகளில்தான் ஒளி ஏறும்.