‘ஃபெண்ட்’ சரியா, ‘டிஃபெண்ட்’ சரியா?

கேள்வி: வேலை விண்ணப்பத்தில் என் மகன் ‘ஐ கேன் ஃபெண்ட் ஃபார் மைசெல்ஃப்’ என்று எழுதினான். ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் அதை ‘டிஃபெண்ட் ஃபார் மைசெல்ஃப்’ என்று திருத்திவிட்டார்கள். எது சரி?

பதில்: பையன் எழுதியதுதான் சரி. திருத்தியவர் இல்லாத பிழையை எடுத்து, புதுப் பிழை ஒன்றை வைத்திருக்கிறார்.

‘டிஃபெண்ட்’ லத்தீனில் பிறந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். அடித்து விலக்குவது அதன் வேர்ப்பொருள். அதன் தலை உதிர்ந்து மிஞ்சியதே ‘ஃபெண்ட்’. நம் இலக்கணத்தில் தாமரை ‘மரை’ ஆவதை முதற்குறை என்கிறோமே, அந்த மாதிரி. வேலியைக் குறிக்கும் ‘ஃபென்ஸ்’கூட ‘டிஃபென்ஸ்’ தலை இழந்ததுதான். 17ஆம் நூற்றாண்டிலிருந்து ‘ஃபெண்ட் ஃபார்’ என்றால், பிறர் கையை எதிர்பாராமல் தன் பாட்டைத் தானே பார்த்துக்கொள்வது. ‘டிஃபெண்ட் மைசெல்ஃப்’ என்றால் தாக்குதலிலிருந்தோ பழியிலிருந்தோ தற்காத்துக்கொள்வது. அதற்கு ‘ஃபார்’ ஒட்டாது.

‘ஆஃப்’ (off) சேர்ந்தால் மட்டும் கதை வேறு. ‘ஃபெண்ட் ஆஃப்’ பழைய வேர்ப்பொருளிலேயே நிற்கிறது: பாய வரும் நாயை விரட்டலாம், நிருபர் கேள்வியைத் தட்டிக் கழிக்கலாம், கடன்காரரைச் சமாளித்து அனுப்பலாம். எல்லாமே ‘ஃபெண்ட் ஆஃப்’தான். படகின் பக்கவாட்டில் பழைய டயர் தொங்குமே, கரையில் மோதாமல் தாங்க? அதற்கும் ‘ஃபெண்டர்’ என்றுதான் பெயர். ஆக, ‘ஃபார்’ வந்தால் பிழைத்துக்கொள்வது, ‘ஆஃப்’ வந்தால் தள்ளிவிடுவது. இரண்டையும் குழப்பாமல் இருந்தால் போதும்.

இலக்கணம் சரி என்றாலும், விண்ணப்பத்துக்கு இந்தத் தொடர் வேண்டாம். கவனிக்க ஆளில்லாமல் விடப்பட்ட பிள்ளை எப்படியோ பிழைத்துக்கொண்டது என்ற சாயல் இதில் உண்டு. ‘ஐ கேன் வொர்க் இண்டிபெண்டன்ட்லி’ போதும்.

அப்புறம் அந்த வகுப்பு. முப்பது நாளில் ஆங்கிலம் என்று பணம் கட்டச் சொல்லும் இடங்களில் பலவற்றில் ஓர் அகராதிகூடக் கிடையாது. தெரியாத சொல்லைக் கண்டால் தெரிந்த சொல்லாக மாற்றிவிடுவார்கள். அதற்குப் பெயர் திருத்தமாம். அவர்களை மட்டும் சொல்லி என்ன பயன்? பன்னிரண்டு ஆண்டுகள் பள்ளியில் ஆங்கிலம் படிக்கவைத்தும், அகராதியைப் புரட்டும் பழக்கத்தை நாம் பிள்ளைகளுக்குத் தரவில்லையே. அடுத்த முறை யாராவது திருத்தினால், அகராதியில் காட்டச் சொல்லிக் கேட்கட்டும். விண்ணப்பத்தை அனுப்பும் முன் அந்த ‘டிஃபெண்ட்’ போய்விட்டதா என்று நீங்களும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.