வீட்டு வாசலிலிருந்து நடை: சிங்கப்பூருக்குப் புதியவர்களின் கேள்விகளும் பதில்களும்

வேலை, படிப்பு, குடும்பம் என்று சிங்கப்பூர் வந்து இறங்கியவர்கள், தாங்கள் குடியேறிய வட்டாரத்தை நடந்தே தெரிந்துகொள்வது பற்றிக் கேட்டவை இவை. பல வருடமாக இந்த ஊரைக் காலால் அளந்துகொண்டிருப்பவள் என்ற உரிமையில் பதில் சொல்கிறேன்.

அக்கா, அங் மோ கியோவில் வாடகைக்கு வந்திருக்கிறோம். எல்லா புளோக்கும் (அடுக்குமாடிக் கட்டடமும்) ஒரே மாதிரி இருக்கிறது. இரண்டு திருப்பம் போனாலே வீடு எந்தப் பக்கம் என்று குழம்பிவிடுகிறது.

கட்டடத்தைப் பார்க்காதீர்கள், எண்ணைப் பாருங்கள். அங் மோ கியோ, தெம்பனிஸ், யீஷூன் மாதிரியான வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) நகரங்களைச் சிறு சிறு பேட்டைகளாகப் பிரித்துத்தான் கட்டினார்கள். புளோக் எண்ணின் முதல் இலக்கம் பெரும்பாலும் பேட்டையைச் சொல்லும். 300 வரிசையில் நடந்துகொண்டிருக்கும்போது திடீரென்று 500 வந்தால் வேறு பேட்டைக்குள் நுழைந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். வீவக வீடுகளின் ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டிலும் கடைசி மூன்று இலக்கம் பெரும்பாலும் புளோக் எண்தான். அந்த ஆறு எண்ணை மனப்பாடம் செய்துவிட்டால் போதும், எங்கிருந்தும் வீடு வந்து சேரலாம்.

முதல் வாரம் ஒரே ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் பேட்டையின் நடுமையத்தைக் கண்டுபிடியுங்கள். ஈரச்சந்தை, உணவங்காடி, கோப்பிக்கடை, மருந்தகம் எல்லாம் அங்கே கூடியிருக்கும். அப்புறம் அங்கிருந்து வீட்டுக்கு ஒவ்வொரு நாளும் வேறு வழியில் திரும்புங்கள். சாலையோரமாக வராமல், வாய்ட் டெக் என்று சொல்கிற, புளோக்குகளின் திறந்த கீழ்த்தளங்களுக்குள்ளேயே நுழைந்து வாருங்கள். ஒன்றில் மலாய்க் கல்யாணம் நடக்கும், அடுத்ததில் சீனர் வீட்டுத் துக்கம், இன்னொன்றில் தாத்தாக்கள் சதுரங்கம் ஆடிக்கொண்டிருப்பார்கள். மரினா பேயைப் பார்ப்பதற்கு முன்னால் இதைப் பார்த்துவிடுங்கள் என்று எல்லாரிடமும் சொல்வேன். இந்த ஊர் எப்படி வாழ்கிறது என்பது இங்கேதான் தெரியும்.

ஊரில் காலை ஐந்தரைக்கே நடக்கப் போய்விடுவேன். இங்கே எந்த நேரம் சரி?

இங்கே ஐந்தரைக்கு இன்னும் இருட்டாகத்தான் இருக்கும். வருடம் முழுவதும் சூரியன் ஏறக்குறைய ஏழு மணிக்கு வரும், ஏழு மணிக்குப் போகும். அதனால் காலை ஏழிலிருந்து ஒன்பது வரை, இல்லையென்றால் மாலை ஆறுக்கு மேல். நடுப்பகலில் போயே ஆக வேண்டுமென்றால் எம்ஆர்டி என்கிற மெட்ரோ ரயில் நிலையங்களிலிருந்து கூரை போட்ட நடைபாதைகள் புளோக் வரைக்கும் ஓடும், அதை விட்டு வெளியே வராதீர்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரையான மாதங்களில் சுமத்ரா பக்கமிருந்து விடியற்காலையில் பலத்த காற்றோடு மழை அடிக்கும். இடி கேட்டால் குடையை நம்பித் திறந்தவெளியில் நிற்காதீர்கள், பக்கத்துப் புளோக்கின் கீழே ஒதுங்குங்கள்.

சாலை விதிகளில் எதைக் கவனிக்க வேண்டும்?

கடப்பதற்கென்று உள்ள இடத்திலிருந்து 50 மீட்டருக்குள் குறுக்கே ஓடினால் குற்றம். வண்டியே வராவிட்டாலும் சிக்னலில் பச்சை மனித உருவம் வரும்வரை நில்லுங்கள். நடைபாதையில் சைக்கிள் வரும் என்பதால், பின்னால் மணிச் சத்தம் கேட்டால் பதறாமல் இடது பக்கம் ஒதுங்கினால் போதும்.

மகன் வீட்டுக்கு வந்திருக்கிறேன் அம்மா, வயது அறுபதுக்கு மேல். எல்லாரும் வேலைக்குப் போனபின் தனியாக இறங்கப் பயமாக இருக்கிறது. இங்கிலீஷும் வராது.

இறங்குங்கள் அம்மா. புளோக் எண், வீட்டு எண், அஞ்சல் குறியீடு மூன்றையும் தாளில் எழுதிப் பையில் வையுங்கள். முதலில் உங்கள் புளோக்கை மட்டும் ஒரு சுற்று, அடுத்த நாள் பக்கத்துப் புளோக்கையும் சேர்த்து. தினமும் ஒரே நேரத்துக்குப் போங்கள், அது முக்கியம். ஒரே நேரத்தில் வருகிற முகங்களைத்தான் மனிதர்களுக்கு அடையாளம் தெரியும். கீழே கல்மேசையில் உட்காருகிற சீனப் பாட்டிக்கும் இங்கிலீஷ் வராமல் இருக்கலாம். ஒரு சிரிப்பும் தலையசைப்பும் போதும், ஒரு வாரத்தில் நீங்கள் வராத நாளில் அவர் தேடுவார். சந்தையில் விரலைக் காட்டிக் கீரை வாங்குவதற்கு எந்த மொழியும் வேண்டாம்.

லிட்டில் இந்தியா எனப்படும் தேக்காவைத் தவிர நம் தமிழர்களின் தடம் எங்கே இருக்கிறது?

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன். முதலில் தேக்காவையே வேறு விதமாக நடந்து பாருங்கள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அல்ல, சாதாரண நாளின் காலையில். சிராங்கூன் சாலை ஸ்ரீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து தேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில் வரை நடங்கள். தைப்பூசத்தன்று காவடிகள் போவது இந்தக் கோயிலிலிருந்து அந்தக் கோயிலுக்குத்தான். கூட்டமும் மேளமும் இல்லாத நாளில் வெயிலோடு அந்தத் தூரத்தை நடந்தால்தான் காவடி எடுப்பவரின் பாரம் புரியும்.

அப்புறம் வடக்கே போங்கள். செம்பவாங்கில் பிரிட்டிஷ் கடற்படைத் தளம் இருந்த காலத்தில் அங்கே வேலை பார்த்த தமிழர்களும் மலையாளிகளும் நிறையப் பேர். கேன்பரா சாலைப் பக்கம் மரத்தடியில் அவர்கள் கும்பிட்ட முருகன்தான் இன்று யீஷூனில் ஹோலி ட்ரீ பாலசுப்ரமணியராக இருக்கிறார். குவீன்ஸ்டவுன் பக்கம் காமன்வெல்த் டிரைவில் உள்ள முனீஸ்வரன் கோயிலோ, மலாயா ரயில்வேயில் உழைத்தவர்கள் வணங்கிய சிறு கோயிலாகத் தொடங்கியது. கப்பல், ரயில் என்று வேலை இருந்த இடமெல்லாம் நம் ஆட்கள் ஒரு சாமியை வைத்திருக்கிறார்கள். தெற்கே தெலுக் ஆயர் தெருவில் நாகூர் தர்கா இருக்கிறது. அந்தத் தெரு ஒரு காலத்தில் கடற்கரையோரம். இன்று கடலைத் தேடினாலும் காணாது, எல்லாம் தூர்த்த நிலம்.

அக்கா, தங்கும் விடுதியில் இருக்கிறேன். ஞாயிறு ஒருநாள்தான் லீவு. காசு செலவில்லாமல் எங்கே நடக்கலாம்?

ரயில் பாதைக்குப் போங்கள் தம்பி. மலேசிய ரயில் 2011 ஜூன் 30 வரை தஞ்சோங் பகார் வரை ஓடியது. தண்டவாளத்தை எடுத்தபின் அந்த 24 கிலோமீட்டர் நிலத்தைத் துண்டு போடாமல் பசுமைப் பாதையாக விட்டிருக்கிறார்கள். கிங் ஆல்பர்ட் பார்க் எம்ஆர்டியில் இறங்கினால் பக்கத்திலேயே பழைய புக்கிட் தீமா ஸ்டேஷனும் இரும்புப் பாலமும். அங்கிருந்து வடக்கே நிதானமாக ஒரு மணி நேரம் நடந்தால் ஹில்வியூ எம்ஆர்டி பக்கம் இன்னொரு இரும்புப் பாலம் வரும். இரண்டு பக்கமும் மரங்கள், ஊர் வரப்பில் நடப்பது மாதிரி மனசு லேசாகும். மேற்கே இருந்தால் ஜூரோங் ஏரித் தோட்டம். தண்ணீர் பாட்டில், வீட்டுக்குப் பேச முழு சார்ஜ் உள்ள போன், அவ்வளவுதான் வேண்டும். குரங்கு வந்தால் பிளாஸ்டிக் பையை உள்ளே வைத்துக்கொள்ளுங்கள், தீனி போடாதீர்கள்.

சில புளோக் பக்கம் சிவப்பு, மஞ்சள் பதாகை தொங்குகிறதே?

டெங்கிப் பரவல் அறிவிப்பு. மஞ்சள் என்றால் டெங்கி பரவிய அந்த வட்டாரத்தில் பத்துக்குக் குறைவான பேருக்கு நோய் வந்திருக்கிறது, சிவப்பு என்றால் பத்து அல்லது அதற்கு மேற்பட்டவர்களுக்கு. அந்தப் பக்கம் போகாமல் இருக்க வேண்டியதில்லை, கொசு மருந்து தடவிக்கொண்டு போங்கள்.

செருப்பா, ஷூவா?

பேட்டைக்குள் செருப்பு போதும், ஆனால் அடிப்பாகம் தேயாததாக இருக்கட்டும். மழைக்குப் பிறகு கீழ்த்தளத்து வழவழப்பான தரையில் தேய்ந்த செருப்பு வழுக்கிவிடும். ரயில் பாதைக்கு ஷூ.