ஆபத்து நேரத்தில் வெளியேற ஃபோர் வீல் டிரைவ்: வாசகர் கேள்வி-பதில்

வந்திருக்கும் கேள்விகளில் முக்கால்வாசி "என்ன வாங்கலாம்?" என்றுதான் கேட்கின்றன. வாங்க வேண்டியது கொஞ்சம்தான். ஓட்டிப் பார்க்க வேண்டியதுதான் நிறைய இருக்கிறது.

கேள்வி: வெள்ளமோ காட்டுத்தீயோ வந்தால் குடும்பத்தோடு கிளம்ப ஒரு பழைய ஃபோர் வீல் டிரைவ் (நான்கு சக்கரங்களுக்கும் என்ஜின் சக்தி போகும் வண்டி) வாங்கியிருக்கிறேன். வின்ச் (புதைந்த வண்டியை வடத்தால் இழுக்கும் கருவி), லிஃப்ட் கிட் (வண்டியின் உயரத்தைக் கூட்டும் பாகங்கள்), கூடுதல் விளக்குகள் என்று பட்டியல் நீள்கிறது. முதலில் எதைச் செய்வது?

டயரில் தொடங்குங்கள். டயரின் பக்கவாட்டில் ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது. பட்டன் தேயாமல் இருந்தாலும் ரப்பர் வயதாகி வெடிப்பு விட்டிருக்கலாம், நன்றாகப் பாருங்கள். அதே கையோடு ஸ்டெப்னியையும் இறக்குங்கள். வண்டிக்கு அடியில் தொங்கும் ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. அதை இறக்கும் சங்கிலி துருவேறி இறுகிப் போயிருப்பதும் சகஜம். ஒரு விடுமுறை நாளில், வண்டியில் இருக்கும் கருவிகளை மட்டும் வைத்து ஒரு சக்கரத்தை முழுக்கக் கழற்றி மாட்டிப் பாருங்கள். ஜாக்கி எட்டுகிறதா, பூட்டு நட்டுக்கான சாவி வண்டிக்குள்ளேயே இருக்கிறதா என்பதெல்லாம் அப்போது தெரிந்துவிடும். ஈர மண்ணில் ஜாக்கி புதைந்துவிடும். அதன் அடியில் வைக்க ஓரடிச் சதுரத்தில் கனமான பலகை ஒன்று வேண்டும்.

அப்புறம் காற்றழுத்த மானியும் சிறிய கம்ப்ரஸரும். தார்ச்சாலையில் 32, 35 பி.எஸ்.ஐ. வைத்து ஓடும் டயரை, மணலில் 18 அளவுக்கு இறக்கினால் தரையில் படும் பரப்பு நீண்டுவிடும். புதைய வேண்டிய வண்டி மிதந்தாற்போல் போகும். இந்த ஒரு காரியம் பாதி வின்ச் வேலையை மிச்சப்படுத்தும். ஆனால் இறக்கிய காற்றோடு வேகம் எடுத்தாலோ சட்டென்று வளைத்தாலோ டயர் விளிம்பிலிருந்து கழன்றுவிடும். தார்ச்சாலை ஏறியதும் மறுபடி நிரப்பத்தான் கம்ப்ரஸர்.

பேட்டரி, பெல்ட், ரேடியேட்டர் குழாய்கள், பிரேக் ஆயில் ஆகியவற்றைச் சரிபார்க்கக் கையில் இருக்கும் பணத்தைச் செலவழியுங்கள். வின்ச் வாங்கியே தீருவேன் என்றால், சுமையோடு வண்டியின் மொத்த எடையைப் போல ஒன்றரை மடங்கு இழுக்கும் திறன் இருக்கட்டும். லிஃப்ட் கிட் பெரும்பாலானவர்களுக்குத் தேவையே இல்லை.

கேள்வி: ஃபோர் ஹை (நான்கு சக்கரத்துக்கும் சக்தி, வழக்கமான வேகம்), ஃபோர் லோ (அதே, ஆனால் மெதுவாக, அதிக இழுவிசையோடு) எப்போது போடுவது?

வழுக்கலும் தளர்ந்த மண்ணும் ஃபோர் ஹைக்கு. செங்குத்து ஏற்றம், இறக்கம், பாறை, ஆழமான சேறு ஃபோர் லோவுக்கு. பார்ட் டைம் அமைப்புள்ள (தேவைப்படும்போது மட்டும் நான்கு சக்கரத்துக்கும் மாற்றும்) வண்டியில் காய்ந்த தார்ச்சாலையில் இரண்டுமே கூடாது. வளைவில் முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் வெவ்வேறு தூரம் ஓடுகின்றன. நடுவில் அதை ஈடுகட்ட டிஃபரன்ஷியல் (வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பல்சக்கரப் பெட்டி) இல்லாததால் அச்சுகள் முறுக்கிக்கொள்ளும். மாதம் ஒருமுறையாவது மண்தரையில் போட்டு ஓட்டுங்கள். வருடக்கணக்கில் தொடாத லீவர் அவசரத்தில் விழாது.

கேள்வி: ஐந்து பேர், ஒரு நாய், ஒரு வாரத்துக்கான பொருட்கள். மேலே கேரியர் போட்டு ஏற்றிவிடலாமா?

கையேட்டில் வண்டியின் அதிகபட்ச மொத்த எடை என்று ஓர் எண் இருக்கும். அதிலிருந்து காலி வண்டியின் எடையைக் கழியுங்கள். மீதிதான் உங்களுக்கு. ஐந்து பேர், முழு டேங்க் எரிபொருள், மாட்டிய பம்பர், வின்ச் எல்லாம் அந்தக் கணக்கில் வரும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ, 20 லிட்டர் பெட்ரோல் கேன் டப்பாவைச் சேர்க்காமலே சுமார் 15 கிலோ. கூட்டிப் பாருங்கள், பகீரென்று இருக்கும்.

கேரியருக்குத் தனி வரம்பு உண்டு, மேடுபள்ளத்தில் அதைவிடவும் குறைவு. உயரத்தில் ஏற்றும் ஒவ்வொரு கிலோவும் பக்கச் சரிவில் வண்டியைக் கவிழ்க்கப் பார்க்கும். கனமானவை கீழே, இரு அச்சுகளுக்கும் நடுவில். மேலே போர்வை, கூடாரம் போன்ற லேசான பொருட்கள் போதும். மருந்தும் ஆவணங்களும் ஓட்டுநர் கைக்கெட்டும் பையில். ஒரு வாரப் பொருட்கள் என்பதை மூன்று நாளாகச் சுருக்குங்கள். நீங்கள் போவது குடியேற அல்ல, ஆபத்தைத் தாண்டி அந்தப் பக்கம் சேர.

கேள்வி: எங்கள் ஊரிலிருந்து வெளியே போக ஒரே பெரிய சாலை. வரைபடத்தில் மண்பாதைகள் நிறையத் தெரிகின்றன. எதை நம்புவது?

நேரில் போய் ஓட்டாத எதையும் நம்பாதீர்கள். கலிஃபோர்னியாவின் பாரடைஸ் நகரை 2018 நவம்பர் 8 அன்று தீ சூழ்ந்தபோது வெளியேறும் சாலைகள் சில மணி நேரத்தில் அடைத்துக்கொண்டன. நின்ற வண்டிகளைப் போட்டுவிட்டு மக்கள் ஓடினார்கள். அந்தத் தீயில் 85 பேர் இறந்தார்கள். மாற்று வழி தேடும் உங்கள் எண்ணம் சரிதான். ஆனால் செயற்கைக்கோள் படத்தில் கோடாகத் தெரிவது நேரில் புதர் மூடிய தடமாக இருக்கலாம். பூட்டிய கேட்டில் போய் முடியலாம். தனியார் நிலமென்றால் இப்போதே பேசி அனுமதி வாங்குங்கள், சாவி யாரிடம் என்று கேட்டு வையுங்கள்.

இரண்டு வழியாவது வேண்டும், அவை வெவ்வேறு திசையில் போகவேண்டும். இரண்டும் ஒரே பாலத்தைத் தாண்டினால் அது ஒரே வழிதான். பாலத்தின் எடை வரம்புப் பலகையைப் பாருங்கள். தரைப்பாலம் எங்கே, மழை பெய்த மறுநாள் அதன்மேல் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். தீ மேட்டை நோக்கி வேகமாக ஏறும். அதனால் மரமடர்ந்த குறுகிய பள்ளத்தாக்கு வழியாகவும் மலைச்சரிவின் நடுவாகவும் போகும் தடங்களைத் தீ நேரத்துக்கான பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். வெள்ளத்துக்கு நல்ல வழி தீக்கு நல்ல வழியாக இருக்க வேண்டியதில்லை.

ஓட்டும்போது உடன் வருபவர் ஒரு நோட்டில் எழுதட்டும்: வண்டியைத் திருப்ப இடமுள்ள இடங்கள், எதிரே இன்னொரு வண்டி வந்தால் ஒதுங்க முடியாத பகுதிகள், சாய்ந்து விழக்கூடிய மரங்கள். விழுந்த மரத்துக்கு ஒரு கைரம்பம் வண்டியில் இருக்கட்டும். பிறகு அதே வழியை இரவில் ஒருமுறை, மழைக்காலத்தில் ஒருமுறை ஓட்டுங்கள். பகலில் முக்கால் மணியில் முடிந்தது அப்போது இரண்டு மடங்கு எடுத்தாலும் ஆச்சரியமில்லை. திட்டத்தில் அந்த நேரத்தைத்தான் எழுத வேண்டும்.

கைப்பேசிக் கோபுரங்கள் விழுந்தாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும், வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்திருந்தால். காகித வரைபடமும் ஒன்று இருக்கட்டும். இன்னொன்று: அதிகாரிகள் வெளியேறும் சாலையை அறிவித்து அது ஓடிக்கொண்டிருந்தால் அதில்தான் போக வேண்டும். மண்பாதையில் மாட்டிக்கொண்டால் உங்களைத் தேடி யாரும் வரமாட்டார்கள். எந்த வழியாகப் போகிறீர்கள் என்று ஊருக்கு வெளியே இருக்கும் ஒருவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

கேள்வி: ஸ்நார்க்கல் (என்ஜினுக்குக் காற்று எடுக்கும் உயரமான குழாய்) மாட்டிவிட்டால் வெள்ளத்தில் போகலாம்தானே?

போகக்கூடாது. ஸ்நார்க்கல் என்ஜினுக்குள் தண்ணீர் புகாமல் காக்கும், வண்டியைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போவதை அது தடுக்காது. ஓரடி ஆழத் தண்ணீர் பல சிறு கார்களை மிதக்க வைக்கும். வேகமாக ஓடும் தண்ணீர் இரண்டடி இருந்தால் பெரும்பாலான எஸ்.யு.வி., பிக்கப் வண்டிகளையும் இழுத்துச் செல்லும். அடியில் சாலை அரித்துப் போயிருக்கிறதா என்பதும் தெரியாது. ஓடும் தண்ணீர் என்றால் திரும்புங்கள், அதிலும் இரவில் யோசிக்கவே வேண்டாம்.

தேங்கி நிற்கும், ஆழம் தெரிந்த தண்ணீரில் மட்டும், கையேட்டில் சொன்ன உயரத்துக்குள், நடை வேகத்தில் நிற்காமல் போகலாம். நடுவில் என்ஜின் நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சூடான டிஃபரன்ஷியல் சட்டென்று குளிர்ந்தால் தண்ணீரை உள்ளே உறிஞ்சும். அதன் ஆயில் பால் நிறத்துக்கு மாறியிருந்தால் மாற்ற வேண்டும்.

கேள்வி: எவ்வளவு எரிபொருள் சேமித்து வைக்கலாம்?

பாதி டேங்குக்குக் கீழே இறங்க விடாதீர்கள். அந்தப் பழக்கம் வந்துவிட்டால் கேன் பெரிதாகத் தேவைப்படாது. 2005-இல் ரீட்டா சூறாவளிக்கு முன் அமெரிக்காவின் ஹூஸ்டன் பகுதியிலிருந்து மக்கள் கூட்டமாகக் கிளம்பியபோது, நெரிசலில் மணிக்கணக்கில் ஊர்ந்து எரிபொருள் தீர்ந்து நின்ற வண்டிகள் ஏராளம். மணலிலும் ஃபோர் லோவிலும் செலவு வழக்கத்தைவிட மிக அதிகம் என்பதையும் கணக்கில் வையுங்கள். கேன் வைத்தால் அதற்கென்றே செய்ததாக, ஆட்கள் உட்காரும் இடத்துக்கு வெளியே. நிரப்பும்போது தரையில் இறக்கி வைத்து நிரப்புங்கள், நிலைமின்சாரப் பொறி ஆபத்து. பெட்ரோல் மாதக்கணக்கில் கிடந்தால் கெடும், அவ்வப்போது வண்டியில் ஊற்றிவிட்டுப் புதிதாக நிரப்பவும்.

கேள்வி: வழியில் தீ சூழ்ந்துவிட்டால்?

புகைக்குள் குருட்டுத்தனமாக ஓட்டக்கூடாது. போர்ச்சுகலில் 2017 ஜூனில் பெட்ரோகாவ் கிராந்தே தீயின்போது ஒரே ஒரு சாலையில் மட்டும் 47 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் காருக்குள்ளேயே. திரும்பவும் முடியாது என்றால் செடிகொடி இல்லாத வெற்றிடத்தில் நிறுத்துங்கள். கண்ணாடியும் காற்றுத் துவாரங்களும் மூடியிருக்க வேண்டும், விளக்குகள் எரியட்டும். எல்லோரும் ஜன்னல் மட்டத்துக்குக் கீழே குனிந்து கம்பளிக்குள் ஒடுங்குங்கள். சிந்தெடிக் போர்வை வேண்டாம், உருகி ஒட்டிக்கொள்ளும். தீயின் முகப்பு கடந்து போகும்வரை இறங்கக்கூடாது. இது கடைசி வழி, பிழைப்பதற்கு உத்தரவாதம் கிடையாது. ஆகவே, எந்த அறிகுறி தெரிந்தால் கிளம்புவது என்று வீட்டில் இன்றே பேசி முடிவு செய்யுங்கள்.

கேள்வி: ஆல் வீல் டிரைவ் கார் (நான்கு சக்கரங்களுக்கும் தானாகவே சக்தி பகிரும், பெரும்பாலும் ஃபோர் லோ இல்லாத கார்) போதாதா?

நல்ல மண்பாதைக்குப் போதும். தரைக்கும் காரின் அடிப்பகுதிக்கும் உள்ள இடைவெளியும் டயரும்தான் முதலில் கைவிடும். அந்தக் காருக்கு ஏற்ற வழியைத் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: புதைந்த வண்டியைப் பின்னால் இருக்கும் டிரெய்லர் பந்துக் கொக்கியில் கட்டி இழுக்கலாமா?

கூடவே கூடாது. அந்தப் பந்து முறிந்து குண்டுபோல் பறந்து ஆட்களைக் கொன்றிருக்கிறது. மீட்புக்கென்று சேஸிஸில் பொருத்திய, தாங்கும் எடை குறித்த கொக்கிகளில் மட்டும் கட்டுங்கள். சட்டென்று இழுக்கும்போது நீளக்கூடிய மீட்புப் பட்டை வேறு, சாதாரண இழுவைப் பட்டை வேறு. மாற்றிப் போட்டால் ஏதாவது ஒன்று பிய்த்துக்கொண்டு வரும். பட்டையின் நடுவில் ஒரு கனமான போர்வையைப் போட்டுவிட்டு, ஓட்டுநர்களைத் தவிர எல்லோரும் பட்டையின் நீளத்தைவிட ஒன்றரை மடங்கு தூரமாவது தள்ளி நில்லுங்கள். அதற்கு முன் மண்வெட்டியால் சக்கரங்களுக்கு முன்னால் தோண்டி, டயரில் காற்றையும் இறக்கிப் பாருங்கள். பல நேரம் இழுக்க வேண்டிய வேலையே வராது.