டுரியான், லக்சா, ரசஞ்சோத்துக்கு வாழைப்பழம்

கடிதம்:

அக்காவுக்கு வணக்கம். நான் திருச்சி பக்கம், வேலைக்காக கேஎல் (கோலாலம்பூர்) வந்து செந்தூல்ல இருக்கேன். மனைவி பட்டர்வொர்த்காரங்க. போன டுரியான் சீசன்ல ஆபீஸ் ஆளுங்க எல்லாரும் சேர்ந்து என்னைய எஸ்எஸ்2 டுரியான் கடைப் பக்கம் கூட்டிட்டுப் போயி, "இத சாப்பிட்டாதான் நீ மலேசியாக்காரன்"னு சுத்தி நின்னுக்கிட்டு ஊட்டாத குறை. ரெண்டாவது சொளையிலயே வாந்தி எடுத்துட்டேன். அதை வீடியோ வேற எடுத்து வச்சிருக்காங்க. இப்பல்லாம் அந்த வாடை தூரத்துல வந்தாலே வயிறு பெரட்டுது. எங்க ஃபிளாட்ல யாராச்சும் பெலாச்சான் (புளிக்கவச்ச எறா விழுது) வறுத்தா ஜன்னல சாத்திக்கிட்டு உக்காந்திருக்கேன். ஆனா பாருங்க, மாமியார் வீட்டுக்குப் போனப்ப பினாங்கு ஆயர் ஈத்தாம்ல அசாம் லக்சா சாப்பிட்டு, இன்னொரு மங்கு வாங்கி அதையும் காலி பண்ணேன். அப்பறம்தான் மனைவி சொன்னாங்க, அந்தக் கறுப்புக் குழம்பு மாதிரி இருந்தது எறா புளிக்கவச்சு காய்ச்சுனதுன்னு. என் கேள்வி இதுதான்: இந்த மாதிரி சாப்பாட்ட எல்லாம் நெசமாவே புடிச்சுத்தான் சாப்பிடுறாங்களா, இல்ல பந்தாவுக்குப் பழகிக்கிட்டதா? நானும் பழகித்தான் ஆகணுமா? நான் ரசஞ்சோத்துக்கு வாழைப்பழம் தொட்டுக்கிறதப் பாத்து மாமியார் வீடே சிரிக்குது, அதுக்கும் ஒரு பதில் சொல்லுங்க. பெத்தாய் (அந்த வாடையடிக்கிற பச்சக் கொட்ட) சாப்பிட்டா ஒண்ணுக்கு நாறும்னு சொல்றாங்களே, உடம்புக்கு ஒண்ணும் ஆகாதே?

(பேர் போட வேண்டாம்னு கேட்டுக்கிட்டார்.)

பதில்:

தம்பி,

மொதல்ல அந்த வாந்திய பேசிடுவோம், மத்த பாதிக் கேள்விக்கு பதில் அதுலயே இருக்கு. ஒரு சாப்பாட்ட சாப்பிட்டு ஒரே ஒரு தடவ வாந்தி வந்துட்டா போதும், மூளை அந்த ருசியையும் வாடையையும் ஆகாததுன்னு குறிச்சு வச்சுக்கும், அப்பறம் நாம என்ன சமாதானம் சொன்னாலும் கேக்காது. 1955ல அமெரிக்காவுல ஜான் கார்சியான்னு ஒருத்தர் எலிங்களுக்கு சாக்கரின் போட்ட இனிப்புத் தண்ணியக் குடுத்து கூடவே கதிர்வீச்சும் குடுத்தார், எலிக்கு வயிறு கெட்டது கதிர்வீச்சால, ஆனா எலி பழிய தூக்கி தண்ணி மேல போட்டுடுச்சு, அதுக்கப்பறம் அந்த இனிப்ப சீண்டவே இல்ல. மத்த பழக்கம் பெரும்பாலும் படியறதுக்கு பல தடவ வேணும், இது ஒரே தடவையில படிஞ்சிடும், சாப்பிட்டு ரொம்ப நேரம் கழிச்சு வயிறு பெரட்டுனாக்கூட. காட்டுல வெஷக்காய தின்னு செத்துப்போகாம இருக்க உடம்பு பண்ணி வச்சிருக்கிற ஏற்பாடு அது, அதுகிட்ட போயி "இது முசாங் கிங், ஒசத்தி டுரியான், கிலோ இவ்வளவு வெல"ன்னு சொன்னா அதுக்கு என்ன தெரியும்.

அதனால இப்ப வாடைக்கே வயிறு பெரட்டுதுன்னா நீங்க கோழையும் இல்ல, மலேசியாவுக்கு துரோகியும் இல்ல. உங்க ஆபீஸ் ஆளுங்க ஒரு நல்ல பழத்த உங்களுக்குக் கெடுத்துட்டாங்க, அவ்வளவுதான். எனக்குக் கோவம் வர்றது அந்த வீடியோ மேல. சுத்தி நின்னு சாப்பிடு சாப்பிடுன்னு சொல்றது சின்னப் பிள்ளைங்ககிட்டயே வேலைக்காவாது. 2006ல வந்த ஒரு ஆய்வுல பாலர் பள்ளிப் பிள்ளைங்களுக்கு சூப் குடுத்து, ஒரு சூப்புக்கு "குடிச்சு முடி, குடிச்சு முடி"ன்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க, இன்னொண்ணுக்கு ஒண்ணும் சொல்லாம விட்டாங்க. சும்மா விட்ட சூப்பத்தான் பிள்ளைங்க அதிகம் குடிச்சாங்க, வற்புறுத்துன சூப்பப் பத்தி குறைதான் சொன்னாங்க. நம்ம வீடுகள்ல பாகற்காய வெறுத்த முக்காவாசி பேருக்கு பாகற்காயா காரணம்? பக்கத்துல கரண்டியோட நின்ன ஆள்தான் காரணம்.

சரி, லக்சா எப்படி உள்ள போச்சு? இதுதான் எனக்கு உங்க கடிதத்துலயே ரொம்பப் புடிச்ச எடம். யோசிச்சுப் பாருங்க, அசாம் லக்சாவுல என்ன இருக்கு? கெம்போங் மீன், அதான் உங்க ஊர்ல கானாங்கெளுத்தி, அத வேகவச்சு முள்ளெடுத்து உதிர்த்து, புளியும் மொளகாயும் போட்டுக் கொதிக்க வச்சது. இது மீன் கொழம்பு தம்பி. தேங்கா இல்லாத, கொஞ்சம் தண்ணியான, நூடல்ஸ் மேல ஊத்துன மீன் கொழம்பு. உங்க நாக்கு புளியப் பாத்ததும் "அட நம்ம ஆளு"ன்னு கதவத் தொறந்துடுச்சு, அதுக்குப் பின்னாடியே பூங்கா கந்தான் (இஞ்சி வகைப் பூ), டாவூன் கெசும் (வாசனத் தழ), பொதினா, அன்னாசி, கடைசியா அந்த ஹே கோ, அதான் நீங்க பாத்த கறுப்பு எறா விழுது, எல்லாம் வரிசையா உள்ள வந்துடுச்சு. ஹே கோவுக்கு வாடை இருக்கு, தனியா ஒரு கரண்டி எடுத்து மூக்குல வச்சிருந்தா நீங்க அன்னிக்கு ரெண்டாவது மங்கு கேட்டிருக்க மாட்டீங்க. ஆனா புளியோட கைய புடிச்சுக்கிட்டு வந்துச்சு. கூடவே நீங்க பசியில இருந்தீங்க, யாரும் உங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டு நிக்கல, அது என்னன்னும் தெரியல. எனக்குத் தெரிஞ்சு புது ருசி வர்ற வழி பெரும்பாலும் இதுதான், தெரிஞ்ச ருசி ஒண்ணோட ஒட்டிக்கிட்டு வரும். தோட்டத்துல இருந்த நம்ம ஆளுங்க பெலாச்சானக் கத்துக்கிட்டதும் இப்படித்தான், ஒரே நாள்ல மலாய்க்காரர் மாதிரி சாப்பிட ஆரம்பிக்கல, மொதல்ல நெத்திலி சம்பால்ல ஒரு கிள்ளு, அப்பறம் கங்கோங் கீரையில, அப்பறம் வீட்டுல அது இல்லன்னா சம்பாலே இல்லன்னு ஆயிடுச்சு. இங்க பொறக்கிற பிள்ளைங்களுக்கு இன்னும் முன்னாடியே ஆரம்பிச்சிடுது. அமெரிக்காவுல 2001ல ஒரு ஆய்வு, மாசமா இருந்தப்ப கடைசி மூணு மாசத்துல கேரட் ஜூஸ் குடிச்ச அம்மாங்களோட பிள்ளைங்க, பின்னாடி கேரட் கலந்த கூழ மூஞ்சி சுளிக்காம சாப்பிட்டிருக்கு. கேரட்டுக்கே அப்படின்னா வயித்துல இருந்தப்பவே சம்பால் பெலாச்சான்ல ஊறுன பட்டர்வொர்த் பிள்ளைகிட்ட நீங்க போட்டி போட முடியுமா?

பெலாச்சான் வாடைக்கு ஜன்னல சாத்துறீங்க, சாத்துங்க, அது உங்க வீட்டு ஜன்னல். ஆனா நாம கருவாடு சுடுறப்ப பக்கத்து வீட்டுல யார் யார் ஜன்னல சாத்துறாங்கன்னும் கொஞ்சம் எட்டிப் பாருங்க. பெருங்காயம் இன்னொண்ணு. டப்பாவத் தொறந்து பச்சையா மோந்து பாருங்க, அதுல அடிக்கிறதும் கந்தகம், டுரியான்ல அடிக்கிறதும் கந்தகம். 2017ல சிங்கப்பூர் விஞ்ஞானிங்க முசாங் கிங்கோட மரபணுவ முழுசாப் படிச்சுப் பாத்தாங்க, கந்தக வாடைய உண்டாக்குற ஜீன் ஒண்ணு அதுல நகல் நகலாப் பெருகிக் கெடக்குதாம். பழம் வேணும்னேதான் நாறுது, காட்டுல மிருகங்க தேடி வந்து தின்னு கொட்டையப் பரப்பணும்ல. பெருங்காயம் நம்ம மண்ணுல வெளஞ்சதே இல்ல, ஈரானும் ஆப்கானிஸ்தானும் குடுத்தது, இந்தியாவுல அந்தச் செடிய நட ஆரம்பிச்சதே 2020லதான், அதுவும் இமாச்சல்ல. எங்கயோ இருக்கிற பாலைவனத்து வேர்ப்பால கொண்டுவந்து சாம்பார்ல போட்டு, அது இல்லன்னா சாம்பாரே இல்லன்னு சொல்ற ஜனம் நாம. மொளகாயும் அப்படித்தான், போர்ச்சுக்கீசியர் கப்பல்ல வந்தது. பழகாத சாப்பாடுன்னு நமக்கு எது மிச்சம் இருக்கு சொல்லுங்க.

பந்தாவான்னு கேட்டீங்களே, அதுக்கு வர்றேன். ஆமா, பல பேருக்கு ஆரம்பம் பந்தாதான், அதுல வெக்கப்பட ஒண்ணும் இல்லன்னுதான் நான் சொல்வேன். பால் ரோசின்னு ஒரு மனோதத்துவப் பேராசிரியர், மொளகாயப் பத்தி ரொம்பக் காலம் ஆராய்ச்சி பண்ணவர், மெக்சிகோவுல ஒரு கிராமத்துக்குப் போயி இங்க காரம் விரும்பிச் சாப்பிடுற நாய் பன்னி எதுவும் இருக்கான்னு கேட்டாராம். ஜனங்க சிரிச்சிருக்காங்க. அந்த நாயும் பன்னியும் தெனமும் மொளகா கலந்த மிச்சம் மீதியத்தான் தின்னுதுங்க, இருந்தாலும் காரமா காரமில்லாததான்னு வச்சா காரத்தத் தேடிப் போகல. அதே ஊர்ல மனுசப் பிள்ளைங்க மட்டும் பெரியவங்க சாப்பிடுறதப் பாத்துப் பாத்து, யாரும் அடிச்சுத் திணிக்காமலே, தானா கேட்டு வாங்கிச் சாப்பிட ஆரம்பிச்சிடுது. அப்ப வெறும் பழக்கம் மட்டும் போதாது போல, பக்கத்துல உக்காந்து ரசிச்சு சாப்பிடுற ஆளு வேணும், நாமளும் அந்தக் கூட்டத்துல ஒருத்தரா ஆகணும்னு ஆசை வேணும். அந்த ஆசைய பந்தான்னு சொல்றதுன்னா சொல்லிக்கோங்க. ஆனா அதுல ஆரம்பிச்சு கொஞ்ச நாள் கழிச்சு உண்மையாவே நாக்கு ஊற ஆரம்பிச்சிடும், அப்ப அது நடிப்பு இல்ல. காப்பிய மொத வாயிலயே ரசிச்சுக் குடிச்சவங்க யாராச்சும் இருந்தா எனக்கு எழுதுங்க.

டுரியான் பிரியருங்க சொல்ற ஒரு விசயம் உண்மைதான், வாடை வேற ருசி வேறன்னு. வாசனை மூக்குக்குப் போறது ரெண்டு வழியில, வெளியேர்ந்து மோந்து பாக்குறது ஒண்ணு, வாயில மெல்லுறப்ப தொண்டைக்குப் பின்னாடியா ஏறுறது ஒண்ணு. இதே ரோசின்தான் 1982ல, இந்த ரெண்டும் மூளைக்கு ஒண்ணு இல்ல, அதனாலதான் நாத்தம் புடிச்ச சீஸ் வாய்க்குள்ள போனதும் ருசியாயிடுதுன்னு எழுதுனார். அதனால வெளி வாடையத் தாண்டுறதுதான் கஷ்டம். ஆல்பிரட் வாலஸ், டார்வினோட சேர்த்து பேர் சொல்ற அந்த விஞ்ஞானி, அவருக்கும் உங்க கததான். மலாக்காவுல வீட்டுக்குள்ள வச்சிருந்த டுரியான் வாடை தாங்காம மொதல்ல வேண்டாம்னுட்டார், அப்பறம் போர்னியோவுல கீழ விழுந்து கெடந்த பழுத்த பழம் ஒண்ண, தொறந்த வெளியில உக்காந்து சாப்பிட்டிருக்கார், அன்னிக்கே டுரியான் பைத்தியம் ஆயிட்டார். 1869ல வந்த பயண நூல்ல அவரே எழுதியிருக்கார். தொறந்த வெளி, பக்கத்துல கைதட்டுற கூட்டம் இல்ல, அவ்வளவுதான் வித்தியாசம்.

அதனால பழகணுமான்னா, கட்டாயம் இல்ல. சில பேருக்கு சிலது ஒத்துவராது, பொறப்புலயே. கொத்தமல்லித் தழ சோப்பு மாதிரி இருக்குன்னு சொல்றவங்க கூட்டத்துல கொஞ்சம் பேருக்கு மூக்குல இருக்கிற ஒரு ஜீனோட தொடர்பு இருக்குன்னு 2012ல கண்டுபுடிச்சாங்க, அவங்ககிட்ட போயி ரசத்து மேல தூவிக் குடுத்து பழகு பழகுன்னா என்ன நியாயம். நீங்களும் டுரியானே சாப்பிடாம இந்த நாட்டுல நல்லா வாழலாம், எனக்குத் தெரிஞ்சு இங்கயே பொறந்து வளந்து தொடாத ஆளுங்க இருக்காங்க, அவங்க ஐசிய (அடையாள அட்டைய) யாரும் புடுங்கல.

ஆனா உங்களுக்கு உள்ளுக்குள்ள ஆசை இருக்குன்னு கடிதத்துலயே தெரியுது. அப்படின்னா இந்த சீசன விடுங்க. வயிறு மறக்கட்டும். அப்பறம் ஒரு ஜூன் மாசம் மனைவியோட மட்டும் பினாங்குல பாலிக் பூலாவ் பக்கம் வாங்க, ஆபீஸ் கூட்டம் வேண்டாம். மலையோரக் கடையில காத்து அடிக்கிற எடமாப் பாத்து உக்காருங்க, காலையில அரைகொறையாப் பசியாறிட்டு வந்தாப் போதும். முசாங் கிங்க கேக்காதீங்க, பேருக்குக் குடுக்கிற காசு அது, கசப்பும் வாடையும் தூக்கலா இருக்கும். ஆங் ஹே இனிப்பா இருக்கும், ஹோர் லோர் சதை கொஞ்சம் வறண்ட மாதிரி இருக்கும், அதுல ஒண்ணு. இல்ல அதுவும் பயமா இருந்தா தேங்காப்பால்ல புளுட் அரிசியோட (ஒட்டுற அரிசி) வர்றதுலேர்ந்து ஆரம்பிங்க, தேங்காப்பாலும் சக்கரையும் உங்களுக்குத் தெரிஞ்ச ஆளுங்கதானே, லக்சாவுல புளி செஞ்ச வேலைய அதுங்க செய்யும். ஒரு வாய் சாப்பிட்டு வேண்டாம்னா நிறுத்திடுங்க, மனைவி மிச்சத்த முடிச்சுடுவாங்க, பட்டர்வொர்த்காரங்கள எனக்குத் தெரியும். கை வாடை போக சொளை இருந்த ஓட்டுல தண்ணி ஊத்திக் கழுவுங்க, இங்க எல்லாரும் அப்படித்தான் செய்வாங்க.

ரசஞ்சோத்து வாழைப்பழத்துக்கு வர்றேன். மாமியார் வீட்டுல அடுத்த தடவ சிரிச்சாங்கன்னா, மாமாக் கடையில (தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) ரொட்டி பீசாங் ஆர்டர் பண்ணி, வாழைப்பழம் வச்ச அந்த ரொட்டிய மீன் கொழம்புல தொட்டு சாப்பிடுறது யாருன்னு கேளுங்க. கொய்யாவுக்கு அசாம் போய் (உப்புப் போட்ட காஞ்ச பிளம்ஸ்) பொடி, தர்பூசணிக்கு உப்பு, மாங்காயையும் அன்னாசியையும் ஹே கோவுல பெரட்டி ரோஜாக்குன்னு சாப்பிடுறவங்க உங்க வாழைப்பழத்தப் பாத்து சிரிக்கலாமா? நான் உங்க கட்சி. ரசம் காரமா இருந்து பழம் நல்லாப் பழுத்த ரஸ்தாளியா இருந்தா அது நல்லாவே இருக்கும். தயிர்சோறுன்னா எனக்கு வேண்டாம், அது என் நாக்கு.

பெத்தாய் கேட்டீங்க. ஒண்ணும் ஆகாது, ஒண்ணுக்கு நாறும், ஒரு நாள் ரெண்டு நாள் இருக்கும், அதுவும் கந்தகம்தான். எறா சம்பால்ல போட்டதுலேர்ந்து ஆரம்பிங்க. ஆனா ஜெரிங் வேற, பாக்க அதோட அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், அதுல ஜெங்கோலிக் அமிலம் இருக்கு, அளவு மீறுனா சிறுநீரகத்துல படிகமா அடைச்சு ஒண்ணுக்குப் போறப்ப ரத்தமே வரும், ஆஸ்பத்திரியில சேக்குற அளவுக்குப் போனவங்க இருக்காங்க. சிறுநீரகத்துல ஏற்கெனவே பிரச்சன இருந்தா அத தொடவே தொடாதீங்க. பெத்தாய மட்டும் வெள்ளிக்கெழம ராத்திரி சாப்பிடுங்க, திங்கக்கெழம ஆபீஸ் கழிப்பறைக்கு வாடை போயிருக்கும், அவனுங்களுக்கு இன்னொரு வீடியோ குடுக்க வேண்டாம்.