நடைபாதை ஓரம் ஓடைக்குள்ள சரியுது, மேல கல்லு கொட்டினா நிக்குமா?

நிக்காதுங்க. கரை உடையுறது மேல இருந்து இல்ல, அடியில இருந்துதான். ஓடை வளையுற இடத்துல வெளிப்பக்கம் தண்ணி வேகமா மோதி அடிமண்ணை அரிச்சிட்டுப் போயிடும், மேல புல்லோட ஒரு விளிம்பு மட்டும் அந்தரத்துல நிக்கும், அதுமேல கல்லைக் கொட்டினா இன்னும் பாரம் ஏறி சீக்கிரமா விழும்.

நான் தினமும் நடக்குற பாதையில ஒருநாள் ஓடையை ஒட்டியே நீளமா ஒரு விரிசல், விரல் உள்ள போற அளவு. எதிர்க்கரையில நின்னு பாத்தா பாதைக்கு அடியில குகை மாதிரி குடைஞ்சு, வேரெல்லாம் முடி மாதிரி தொங்குது. வெள்ளம் ஓடினப்ப தாங்கிடுச்சு, தண்ணி வடிஞ்சதுக்கு மறுநாள்தான் மொத்தமா சரிஞ்சுது. ஊறின மண்ணு செம கனம், அதுவரைக்கும் பக்கவாட்டுல முட்டுக் கொடுத்த தண்ணி சட்டுனு இறங்கிட்டா பிடிமானம் போயிடும். அதனால வெள்ளம் வடிஞ்ச உடனே அந்த ஓரத்துல யாரையும் நடக்க விடாதீங்க, தயவுசெஞ்சு.

இடம் இருந்தா பாதையையே உள்ள தள்ளிப் போடுங்க, என்னைக் கேட்டா அதுதான் முதல் வேலை. இடமே இல்லன்னா செங்குத்தா நிக்குற கரையை சரிவாக்கி, அடியில பெரிய கல்லு அடுக்கணும், கல்லுக்குக் கீழ வடிகட்டித் துணி விரிக்கலன்னா இடுக்கு வழியா மண்ணு வெளியேறி கல்லு இறங்கிடும். சரிவு மேல தென்னைநார் விரிப்பு போட்டு செடி நடுங்க, அந்த விரிப்பு சில வருஷத்துல மக்கிடும், அதுக்குள்ள வேர் பிடிச்சிருக்கணும். சூடான பகுதின்னா வெட்டிவேர், அது வேர் 3 மீட்டர் வரைக்கும் நேரா கீழ இறங்கும், குளிர் பகுதின்னா வில்லோ (வெட்டி நட்ட குச்சியே வேர் விடுற ஆத்தங்கரை மரம்) குச்சியை இலை உதிர்ந்த காலத்துல முக்கால்வாசி மண்ணுக்குள்ள போற மாதிரி அடிச்சு வைக்கலாம். வெறும் புல்லு மேலாக்கதான் பிடிக்கும், அதை நம்பாதீங்க. கான்கிரீட் சுவர் கட்டினா உங்க இடம் தப்பிக்கும், ஆனா தண்ணியோட வேகம் குறையாம கீழ இருக்குறவங்க கரையில போய் அடிக்கும். எதுவா இருந்தாலும் ஓடைக்குள்ள கை வைக்கிறதுக்கு முன்னாடி அனுமதி வாங்கிடுங்க.

மழைத்தண்ணி பாதையில இருந்து ஓடைப்பக்கம் வழிஞ்சு ஓரத்தை அறுக்குதான்னும் பாருங்க, அதை மறுபக்கம் திருப்ப மண்வெட்டி போதும். இன்னைக்கே விளிம்புல இருந்து 2 மீட்டர் தள்ளி வரிசையா முளைக்குச்சி அடிச்சு வைங்க, ஒவ்வொரு வெள்ளத்துக்கும் அப்புறம் குச்சியில இருந்து விளிம்பு வரைக்கும் டேப் வச்சு அளந்து எழுதுங்க, எங்க பாதையை உள்ள தள்ள சம்மதம் கிடைச்சதே அந்த நோட்டைக் காட்டினப்புறம்தான்.