தெரிந்தும் மாறாத கை

கேள்வி: அரளிப் பூக்களை மடித்து மாணிக்க மாலை கட்டுவது எங்கள் குடும்பத் தொழில். சென்ற ஆண்டு அப்பாவுக்கு மூளையின் முன்பகுதியில் பக்கவாதம் வந்தது. கை தேறிவிட்டது, ஆனால் வெள்ளை அரளியிலிருந்து சிவப்பு அரளிக்கு மாற வேண்டிய இடத்தில் மாறாமல் வெள்ளையையே மடித்துக்கொண்டு போகிறார். கேட்டால், "இனி சிவப்புதான்" என்று அவரே சொல்கிறார். வீட்டில் இதைப் பிடிவாதம் என்கிறார்கள். அப்படித்தானா ஐயா?
- வாசகி, தோவாளை

பதில்: இல்லை அம்மா. நேரில் பார்க்காமல் நோயை உறுதிசெய்ய இயலாது. ஆனாலும் நீங்கள் எழுதியிருப்பது மூளையின் முன்பகுதியான முன்மடலின் பாதிப்பில் நெடுநாளாக அறியப்பட்ட நிலை.

கனடாவின் மான்ட்ரியல் நகரில், வலிப்பு நோய்க்காக மூளையில் அறுவை செய்துகொண்டவர்களை நரம்பியல் உளவியலாளர் பிரெண்டா மில்னர் ஆராய்ந்து, 1963இல் முடிவுகளை வெளியிட்டார். நிறம், வடிவம், எண்ணிக்கை ஆகியவற்றில் வேறுபடும் சீட்டுகளை அவர்கள் வகை பிரிக்க வேண்டும்; எதன்படி என்று சொல்வதில்லை, சரியா தவறா என்பது மட்டுமே சொல்லப்படும். தொடர்ந்து 10 முறை சரியாகப் பிரித்ததும் விதி சத்தமின்றி மாறிவிடும். மூளையின் வேறு பகுதிகளில் அறுவை செய்துகொண்டவர்கள் சில தவறுகளுக்குப் பின் புதிய விதியைப் பிடித்துக்கொள்ள, முன்மடலின் மேற்பக்கவாட்டுப் பகுதியை இழந்தவர்கள் "தவறு" என்று கேட்டுக்கொண்டே பழைய விதியில் நின்றார்கள். உங்கள் அப்பாவிடம் காண்பது போலவே, வாய் சரியாகச் சொல்லியும் கை பழைய வழியிலேயே போன நோயாளிகளும் உண்டு.

நெற்றிக்குப் பின்னுள்ள பிரீஃப்ரன்டல் கார்டெக்ஸ் என்ற முன்மடல் பகுதி, இப்போது எது முக்கியம் என்ற விதியை நரம்பணுக்களின் தொடர்ந்த இயக்கத்தால் நினைவில் நிறுத்தி, பார்வைக்கும் கைக்கும் செல்லும் பல பாதைகளுள் அதற்கு ஏற்றதை வலுப்படுத்துகிறது. மூளை ஆய்வாளர்களான மில்லரும் கோஹனும் 2001இல் முன்வைத்த விளக்கம் இது. மாற வேண்டுமானால் புதிய விதி எழுவதோடு, சற்றுமுன் வரை ஓடிய பழைய விதி தணியவும் வேண்டும். பல்லாண்டுப் பழக்கத்தில் ஊறிய கைவேலையில் இந்தத் தணித்தலே கடினம். மூளையின் ஆழத்திலுள்ள அடித்தள நரம்புமுடிச்சுகளும், நரம்பணுக்களிடையே செய்தி கடத்தும் டோபமைன் என்ற வேதிப்பொருளும் இதில் பங்கேற்பதால், பார்க்கின்சன் நோயாளிகளுக்கும் இதே தடுமாற்றம் வருவதுண்டு. நலமானவர்கூட வேலை மாற்றும்போது சிறிது வேகம் இழக்கிறார் என்பதை உளவியலாளர் ஜெர்சில்ட் 1927லேயே அளந்து காட்டினார்.

ஆகவே, "மாற்றுங்கள்" என்று திரும்பத் திரும்பச் சொல்வதால் பயன் குறைவு. விதி அவருக்குத் தெரிந்தே இருக்கிறது. உள்ளே தளர்ந்த குறிப்பை வெளியே வைத்துப் பாருங்கள். வெள்ளை வரிசை முடியும் இடத்தில் அந்தத் தட்டை எடுத்துவிட்டு, சிவப்பு அரளித் தட்டை மட்டும் முன்னால் வையுங்கள், ஒரு கணம் கையை நிறுத்தச் சொல்லி, "அடுத்து என்ன?" என்று கேட்டு, அவர் சொன்ன பிறகே தொடரச் செய்யுங்கள். களைப்பில் இந்தத் தடுமாற்றம் கூடலாம் என்பதால் காலையில் வேலை கொடுங்கள். நரம்பியல் மருத்துவரிடம் போகும்போது, மாறாமல் நின்ற இடங்களை இரண்டு நாள் குறித்து எடுத்துச் செல்லுங்கள்.