லூப்ல ரோடு ஏன் சாஞ்சு கிடக்கு?

கேள்வி: சார், நான் கம்பெனி லாரி ஓட்டுறேன். சிங்கப்பூர் பிஐஇ எக்ஸ்பிரஸ்வேல இருந்து வட்டமா சுத்தி இறங்குற லூப்ல ரோட்டோட வெளிப்பக்கம் கொஞ்சம் தூக்கின மாதிரி இருக்கு. லோடு ஏத்துன லாரிக்கும் சின்ன காருக்கும் ஒரே சரிவு எப்படி சரிப்படும்? ரோட்டையே சாச்சுப் போட்டுட்டு அப்புறம் எதுக்கு மணிக்கு 40 கிலோமீட்டர்னு வேக போர்டு வைக்கிறாங்க? - உட்லண்ட்ஸ் வாசகர்

பதில்: வண்டி வளையணும்னா அத வளைவோட உள்பக்கமா ஏதாச்சும் ஒண்ணு தள்ளிக்கிட்டே இருக்கணும். ரோடு சாஞ்சிருந்தா வண்டிய மேல தாங்குறதோட கொஞ்சம் உள்ளயும் தள்ளும். லோடு கூடினா வளைக்க வேண்டிய விசையும் கூடும், ரோடு தள்றதும் அதே அளவு கூடும், அதனால கணக்குல எடை அடிபட்டுப் போயிடும், மிஞ்சுறது வேகமும் வளைவோட ஆரமும்தான்.

போர்டு விஷயம்தான் சுவாரசியம். ஆரம் 60 மீட்டர், சரிவு 100-க்கு 6-ன்னு வச்சுக்குங்க (உங்க லூப்ப நான் டேப் புடிச்சு அளக்கல, சும்மா ஒரு கணக்குக்கு). 40-ல போனா வண்டி எடையில 21 சதவீதம் உள்பக்க விசை வேணும், 60-ல போனா 47. ஆனா சரிவு குடுக்கிறது ரெண்டுக்கும் அதே 6 தான்! மிச்சம் மொத்தமும் டயர் தலைல. 40-ல 15 சதவீதம் தாங்குன டயர் 60-ல கிட்டத்தட்ட 40 தாங்கணும், அதாவது வேகம் ஏறுனது ஒன்றரை மடங்கு, டயரோட பாடு ரெண்டரை மடங்குக்கும் மேல. காஞ்ச ரோடுன்னா சமாளிச்சிடும், நம்மூர் மதிய மழைல தேஞ்ச டயரோட போனா சந்தேகம்தான்.

அப்போ இன்னும் சாச்சுப் போட்டா என்னன்னு கேப்பீங்க. அமெரிக்கால டேடோனா கார் ரேஸ் ட்ராக்ல வளைவுங்க 31 டிகிரி சாய்வு, அங்க எல்லாரும் பறக்குறாங்க, ஜாம்ல நிக்க மாட்டாங்க. நம்ம லூப்ல 60-க்கு சரிவு மட்டுமே போதும்னா 25 டிகிரி வேணும், அதுல ஜாம்ல நிக்கிற லாரி ஈரத்துல உள்பக்கமா வழுக்கும், மேல லோடு இருந்தா கவுந்தே போகலாம்.

அப்புறம், எடை அடிபட்டுப் போகும்னு சொன்னேன்ல, உயரம் அடிபடாது. இடது வலது டயருக்கு நடுவுல 2 மீட்டர், லோடோட சேத்து கனத்தோட மையம் தரையில இருந்து 2 மீட்டர் உயரத்துலன்னா, சமதரையில உள்பக்க விசை எடையில 50 சதவீதம் ஆனாலே உள்பக்க டயர் தூக்கிரும். ஸ்பிரிங் சாயுறதால நிஜத்துல அதுக்கு முன்னாடியே தூக்கும், சரிவு கொஞ்சம்தான் காப்பாத்தும். 60-ல 47 வந்துச்சே, பாத்தீங்களா? கார்னா வழுக்கும், லாரி வழுக்குறதுக்கு முன்னாடியே படுத்துரும். கனமான சாமான கீழ அடுக்குங்க, பிரேக்க லூப்புக்கு முன்னாடி நேர் ரோட்லயே போட்டு முடிச்சிடுங்க, வளைவுல மிதிச்சா இருக்கிற பிடிமானத்துல பிரேக்கும் பங்கு கேக்கும்.